காயம்பட்ட வழக்கறிஞரும் வெயில் நகரமும்: 'தி லிங்கன் லாயர்' தொடரை முன்வைத்து

1. கேள்வி

மிக்கி ஹாலர் என்ற கற்பனை வழக்கறிஞருக்கு அலுவலகம் தேவைப்படுவதில்லை. லிங்கன் காரின் பின் இருக்கையில் அமர்ந்தபடியே வழக்குக் கட்டுகளைப் படிக்கிறார், கட்சிக்காரர்களிடம் பேசுகிறார், ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் பரப்பு பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட நீதிமன்றக் கட்டடங்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்த ஊரை அறிந்தவர்களுக்குக் கார் அலுவலகம் நம்பக்கூடிய ஏற்பாடாகவே தோன்றும். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்த மைக்கேல் கானலி 2005-இல் எழுதிய நாவலில் ஹாலர் முதன்முதலாக வந்தார். 2011-இல் மாத்யூ மெக்கானஹே நடித்த திரைப்படம் வெளியானது. 2022 மே மாதம் நெட்ஃப்ளிக்ஸ் இதைத் தொடராகக் கொண்டுவந்தது. அதில் ஹாலராக நடிப்பவர் மெக்சிகோவைச் சேர்ந்த மனுவேல் கார்சியா ருல்ஃபோ.

தொடர் தொடங்கும்போது ஹாலர் வலிநிவாரணி மாத்திரைகளின் பிடியிலிருந்து மீண்டு, ஏறத்தாழ ஓராண்டு இடைவெளிக்குப் பின் தொழிலுக்குத் திரும்புகிறார். இரண்டு மணமுறிவுகள், ஒரு மகள், புகழ்பெற்ற வழக்கறிஞரான தந்தையின் நிழல் எல்லாம் அவரோடு வருகின்றன. இப்படிப்பட்ட நாயகர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. 2016 முதல் 2021 வரை அமேசானில் நான்கு பருவங்களாக வந்த 'கோலியாத்' தொடரின் பில்லி மெக்பிரைட் குடியில் மூழ்கியவர்; சாண்டா மோனிகா கடற்கரையை ஒட்டிய மோட்டலில் தங்கி, பக்கத்து மதுக்கூடத்தையே வரவேற்பறையாக வைத்திருப்பவர். எச்பிஓ 2020-இல் புதிதாக உருவாக்கிய பெர்ரி மேசனும் முதல் உலகப் போரின் வடுக்களைச் சுமந்து அலைகிறார்.

வெயிலுக்குப் பேர்போன ஒரே நகரத்தில், சில ஆண்டு இடைவெளிக்குள், உடைந்துபோன மூன்று வழக்கறிஞர்கள். இவர்களுடைய காயம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு தொழிலின் நோயை அது காட்டித் தருகிறதா, அல்லது நீதி அமைப்பின் நோயைத் தனிமனிதரின் நோயாகச் சுருக்கிவிடுகிறதா?

2. இதுவரை சொல்லப்பட்டவை

இந்தக் காயம்பட்ட நாயகர்களுக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது நகரத்தின் வழி வருவது. லாஸ் ஏஞ்சலஸ் வெயிலை விற்று வளர்ந்த ஊர். 1890-இல் ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த நகரம் 1930-இல் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. ரயில் நிறுவனங்களும் நில வணிகர்களும் வர்த்தக சபையும் ஆரஞ்சுத் தோட்டம், கடற்கரை, மருந்தே தேவைப்படாத காற்று என்று விளம்பரம் செய்து மக்களை அழைத்தனர். அந்த விளம்பரத்துக்கு மறுப்பாக எழுந்ததே அங்கே பிறந்த குற்றப்புனைவு. ரேமண்ட் சாண்ட்லரின் முதல் நாவல் 1939-இல் வந்தது. 1944-இல் பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இண்டெம்னிட்டி' படத்துக்கும் அவர் திரைக்கதையில் பங்களித்தார். நகரத்தைப் பற்றிய இந்த இரட்டைப் பேச்சை மைக் டேவிஸ் 1990-இல் வெளியான 'சிட்டி ஆஃப் குவார்ட்ஸ்' நூலில் வெயிலும் இருளும் என்ற எதிர்நிலையாக வகுத்துக் காட்டினார். அவருக்கு முன்பே, 1946-இல், தென் கலிபோர்னியாவின் பளபளப்புக்கு அடியில் இருந்த நிலக் கொள்ளையையும் தொழிலாளர் ஒடுக்குமுறையையும் விரிவாக எழுதியவர் கேரி மெக்வில்லியம்ஸ். அவர் அதே நகரத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர் என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது. இந்த விளக்கத்தின்படி ஹாலரும் மெக்பிரைடும் சாண்ட்லரின் துப்பறிவாளருடைய வாரிசுகள். உரிமம் மட்டும் மாறியிருக்கிறது.

இரண்டாவது விளக்கம் தொழிலின் வழி வருவது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்த மைக்கேல் அசிமோ, திரைப்படங்களில் வரும் கெட்ட வழக்கறிஞர்களைப் பற்றி 2000-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1970-களுக்குப் பிறகு திரையில் வழக்கறிஞர்களின் குணம் தாழ்ந்துகொண்டே போனதையும், பொதுமக்களிடம் அத்தொழிலின் மதிப்பு சரிந்ததையும் அவர் இணைத்துப் பார்த்தார். இதன்படி, தூய நாயகரை நம்பாத பார்வையாளர் காயம்பட்ட நாயகரை நம்புகிறார்.

இரண்டு விளக்கங்களிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் காயம் இருப்பதற்குக் காரணம் சொல்கின்றனவே தவிர, அது எங்கிருந்து வந்தது, எப்படி ஆறுகிறது, ஆறும்போது எதை மூடிவிடுகிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்டால் இந்தத் தொடர்களுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு புலப்படும்.

3. களங்கமில்லாத முன்னோடி

லாஸ் ஏஞ்சலஸ் வழக்கறிஞர் எப்போதும் உடைந்தவராக இருந்ததில்லை. எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் 1933-இல் படைத்த பெர்ரி மேசனுக்கு வீடு இல்லை, குடும்பம் இல்லை, பழைய துயரம் என்று எதுவும் இல்லை. சிபிஎஸ் நிறுவனம் 1957 முதல் 1966 வரை 271 பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரில் ரேமண்ட் பர் நடித்த மேசன், நீதிமன்றத்திலேயே உண்மையான கொலையாளியை வாய்திறக்க வைத்தார். அவருடைய கட்சிக்காரர் கிட்டத்தட்ட எப்போதும் நிரபராதி.

கார்ட்னர் 1911-இல் கலிபோர்னியாவில் வழக்கறிஞரானவர். ஆக்ஸ்னார்ட் நகரத்தில் சீனக் குடியேறிகளுக்காக வாதாடியவர். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மறுபடி விசாரிக்க 1948-இல் ஆர்கோசி இதழின் துணையோடு ஒரு குழுவையே அமைத்தவர். அமைப்பு எப்படித் தவறும் என்பதை நேரடியாக அறிந்திருந்த அந்த மனிதர், புனைவில் மட்டும் தவறே நேராத வழக்கறிஞரைப் படைத்தார். இது எனக்குத் தீராத வியப்பு. மேசனின் முழுமை ஒரு பொய்தான். ஆனால் அந்தப் பொய் கட்சிக்காரரைக் கதையின் நடுவில் நிறுத்தியது. வழக்கறிஞருக்குச் சொந்தத் துயரம் இல்லாததால், பார்வையாளரின் கவலை முழுவதும் கூண்டில் நிற்பவர் மேல் குவிந்தது. பிற்காலத் தொடர்கள் மேசனின் பொய்யைக் கைவிட்டபோது இந்தக் குவிமையமும் நகர்ந்துவிட்டது.

4. காயம் எங்கிருந்து வருகிறது

இங்கேதான் கானலியின் நாவல், நெட்ஃப்ளிக்ஸ் தொடர், 'கோலியாத்' என்ற மூன்று வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கானலியின் முதல் நாவலில் ஹாலர் லூயிஸ் ரூலே என்ற பெவர்லி ஹில்ஸ் செல்வந்தருக்காக வாதாடுகிறார். வழக்கு போகப் போக, தன் கட்சிக்காரர் குற்றவாளி என்பது தெரிகிறது. முன்பு நடந்த ஒரு கொலையும் அவர் செய்ததே. அந்தக் கொலைக்காகச் சிறையில் இருப்பவர் ஹாலரின் பழைய கட்சிக்காரரான ஹெசூஸ் மெனெண்டெஸ். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் தொழில்விதி ஹாலரின் வாயைக் கட்டிவிடுகிறது. கதையின் முடிவில் ரூலேயின் தாய் ஹாலரைச் சுடுகிறார். இரண்டாம் நாவலான 'தி பிராஸ் வெர்டிக்ட்' அந்தக் குண்டுக் காயத்தில், அறுவைச் சிகிச்சைகளில், அவற்றைத் தொடர்ந்த மாத்திரைப் பழக்கத்தில் தொடங்குகிறது. நோயின் வேர் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. பணம் உள்ளவருக்குத் திறமையாக வாதாடியதன் விலையை ஹாலர் தன் உடம்பால் கொடுக்கிறார்.

நெட்ஃப்ளிக்ஸ் தொடர் இரண்டாம் நாவலை முதல் பருவமாக எடுத்துக்கொண்டது. ரூலே வழக்கு முதன்மைக் கதையாக இல்லாததால் காயத்துக்கு வேறு காரணம் தேவைப்பட்டது. தேர்ந்தெடுத்த காரணம் அலைச்சறுக்கு விபத்து. கடலில் விழுந்தார், அடிபட்டார், மாத்திரை தின்றார், அடிமையானார். கதை வசதிக்காகச் செய்த சிறு மாற்றம் என்று பலர் இதைக் கடந்துபோகலாம். என் பார்வையில் தொடரின் அறத்தையே திருப்பிப்போட்ட மாற்றம் இது. வழக்கறிஞரைக் காயப்படுத்தியது இப்போது வழக்கு அல்ல, கடல். யாருக்கும் பொறுப்பில்லை. நகரத்தின் விளம்பரப் படமான அதே பசிபிக் அலை, குற்ற உணர்வே இல்லாத நோயை அவருக்குத் தந்துவிடுகிறது. அவர் மீள வேண்டியது மாத்திரையிலிருந்து மட்டுமே. தன் தொழில் செய்த எதிலிருந்தும் அல்ல.

'கோலியாத்' இதில் வேறு வழி போகிறது. மெக்பிரைட் தன் திறமையால் விடுவித்த ஒருவன் வெளியே வந்து ஒரு குடும்பத்தையே கொன்றுவிடுகிறான். அவருடைய குடி அங்கே தொடங்குகிறது. அவர் கூட்டாளியாக நின்று உருவாக்கிய மாபெரும் சட்ட நிறுவனமே முதல் பருவத்தில் அவருக்கு எதிரணி. படகு வெடித்து இறந்த ஒருவரின் சாவுக்கு ஆயுத நிறுவனம் ஒன்றைப் பொறுப்பாக்க அவர் போராடுகிறார். இத்தொடரை டேவிட் கெல்லியோடு சேர்ந்து படைத்த ஜானதன் ஷப்பீரோ அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பணியாற்றியவர். கெல்லியும் பாஸ்டனில் தொழில் செய்து, 1986-இல் தொடங்கிய 'எல்.ஏ. லா' வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்தவர். நெட்ஃப்ளிக்ஸ் ஹாலரை உருவாக்கியவர்களிலும் கெல்லி உண்டு. ஒரே எழுத்தாளர் சில ஆண்டு இடைவெளியில் காயத்தின் காரணத்தைத் தொழிலிலிருந்து தற்செயலுக்கு நகர்த்திய நிகழ்வாக இதை வாசிக்க முடியும். ஓடிடி தளத்தில் பருவம் பருவமாக நீள வேண்டிய கதைக்கு, பார்வையாளர் தயங்காமல் நேசிக்கக்கூடிய நாயகர் தேவை என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

5. ஆய்வு சொல்வதும் தொடர் சொல்வதும்

வழக்கறிஞர்களிடையே குடியும் மனச்சோர்வும் புனைவின் கற்பனை அல்ல. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் ஹேசல்டன் பெட்டி ஃபோர்ட் அறக்கட்டளையும் இணைந்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு, பணியில் இருந்த 12,825 வழக்கறிஞர்களிடம் தகவல் திரட்டியது. அவர்களில் 20.6 விழுக்காட்டினரிடம் ஆபத்தான குடிப்பழக்கத்தின் அறிகுறிகள் இருந்தன; 28 விழுக்காட்டினர் மனச்சோர்வையும் 19 விழுக்காட்டினர் பதற்றத்தையும் தெரிவித்தனர். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களைக் கொண்ட ஆய்வு என்பதால் இந்த எண்களை முழுத் தொழிலுக்கும் அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனாலும் இத்தனை பேரின் வாக்குமூலத்தை ஒதுக்கிவிட முடியாது.

அந்த ஆய்வில் நம் கேள்விக்கு மிக முக்கியமான செய்தி வேறு. பாதிப்பு அதிகம் காணப்பட்டது தொழிலுக்கு வந்து முதல் பத்தாண்டுகளில் இருப்போரிடம், அதிலும் தனியார் நிறுவனங்களின் இளநிலை வழக்கறிஞர்களிடம். பதவி உயர உயர அது குறைந்தது. அதாவது நோய் வேலைச்சூழலோடு ஒட்டியது: பணிநேரம், மேலாளர், கடன், போட்டி. திரையில் காண்பதோ நேர்மாறு. பேரும் புகழும் பெற்றபின் சரிந்த நடுவயது ஆண், யாருக்கும் கீழே வேலை செய்யாதவர். உண்மையில் குடிக்கும் ஜூனியர் இந்தக் கதைகளில் பெரும்பாலும் ஓரத்தில்கூட இல்லை. கலிபோர்னியா 2001-இல் சட்டம் இயற்றி, போதையிலோ மனநோயிலோ சிக்கிய வழக்கறிஞர்களுக்கு ரகசியம் காக்கும் உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. ஆனால் தொடரில் ஹாலரைத் தாங்குவோர் இரண்டு முன்னாள் மனைவியரும், தானும் போதையிலிருந்து மீண்டுவரும் கார் ஓட்டுநர் இஸ்ஸியும்.

இஸ்ஸியைப் பற்றி நன்றியோடு ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். கட்சிக்காரராக வந்து, பணத்துக்குப் பதில் ஓட்டுநர் வேலையில் சேரும் அந்தப் பெண்ணோடு ஹாலர் பேசும் காட்சிகளில் மீட்சி ஒருநாள் வெற்றியாகக் காட்டப்படுவதில்லை. அன்றன்றைக்குத் தாண்ட வேண்டிய ஒன்றாகவே அது வருகிறது. போதையைக் கேலியாகவோ கவர்ச்சியாகவோ காட்டும் ஏராளமான படங்களுக்கு நடுவே இந்த நிதானம் மதிக்கத்தக்கது.

6. மெனெண்டெஸ் ஏன் ஒப்புக்கொண்டார்

கானலியின் முதல் நாவல் இலக்கியமாக நிற்பதற்குக் காரணம் ஹெசூஸ் மெனெண்டெஸ் என்றே கருதுகிறேன். அவர் நிரபராதி. ஆனால் சாட்சியங்கள் அவருக்கு எதிராக இருந்தன, மரணதண்டனை தலைக்குமேல் தொங்கியது. ஹாலர் அவரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னார். அவரும் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனைக்காக சான் க்வென்டின் சிறைக்குப் போனார். அதை நல்ல பேரம் என்றே ஹாலர் அப்போது எண்ணினார். நாவலில் ஹாலரை உலுக்குவது ரூலேயின் கொடூரம் மட்டும் இல்லை. 'நான் நிரபராதி' என்று தன் கட்சிக்காரர் சொன்னதைத் தான் காதில் வாங்கவே இல்லை என்ற உணர்வும்தான்.

அமெரிக்கக் குற்றவியல் நீதியின் உண்மையான களம் இதுவே. 2012-இல் மிசூரி எதிர் ஃப்ரை வழக்கின் தீர்ப்பில் நீதிபதி ஆன்டனி கென்னடி குறிப்பிட்ட கணக்குப்படி, கூட்டரசு நீதிமன்றங்களின் தண்டனைகளில் 97 விழுக்காடும் மாநில நீதிமன்றங்களின் தண்டனைகளில் 94 விழுக்காடும் குற்றத்தை ஒப்புக்கொண்டதன் வழியே வந்தவை. ஜூரிகள் முன்னால் நடக்கும் குறுக்கு விசாரணையும் திடீர்ச் சாட்சியும் இறுதி உரையும் மிகச் சிறு பகுதியினருக்கே கிடைப்பவை. பெரும்பாலோரின் கதி நீதிமன்ற நடைவழியில், அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் சில நிமிடங்கள் பேசி முடிப்பதில் தீர்மானமாகிறது. பிணைத்தொகை கட்ட முடியாமல் சிறையில் காத்திருப்பவருக்கு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்ற வாக்குறுதி எவ்வளவு பெரிது என்பதை விளக்கத் தேவையில்லை.

நெட்ஃப்ளிக்ஸ் முதல் பருவத்திலும் மெனெண்டெஸ் உண்டு. அவரை மீட்கும் முயற்சி துணைக்கதையாக ஓடுகிறது. ஆனால் நடுமேடையில் இருப்பது கணினி விளையாட்டு நிறுவன அதிபர் ட்ரெவர் எலியட்டின் கொலைவழக்கு. பணக்காரரின் வழக்கு ஜூரி விசாரணையாக விரிகிறது. ஏழையின் வழக்கு ஹாலரின் மனச்சாட்சிக்கான உறுத்தலாக வந்துபோகிறது. நாவலில் மெனெண்டெஸ் ஒரு அமைப்பின் சாட்சி. தொடரில் அவர் நாயகரின் நல்லெண்ணத்துக்குச் சான்று. நான்காம் பருவம் அடியொற்றும் 'தி லா ஆஃப் இன்னசன்ஸ்' நாவலில் ஹாலரே கொலைக்குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்குள் போவதால் இந்தக் குறை ஓரளவு ஈடாகிறது என்று வாதிடலாம். அந்த வாதத்தில் பலம் உண்டு: காவலில் இருந்துகொண்டு வழக்கு நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை நாயகரின் கண்வழியே பார்வையாளர் உணர்கிறார். என்றாலும் சட்டம் படித்த, சொந்தத் துப்பறிவாளரும் சக வழக்கறிஞரும் உடைய கைதியின் அனுபவம் மெனெண்டெஸின் அனுபவத்துக்கு மாற்றாக முடியாது.

7. கட்டடத்தின் பெயர்

லாஸ் ஏஞ்சலஸ் நகர நடுவில் டெம்பிள் தெருவில் நிற்கும் குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்துக்கு 2002-இல் கிளாரா ஷார்ட்ரிட்ஜ் ஃபோல்ட்ஸ் என்ற பெண்ணின் பெயர் சூட்டப்பட்டது. கணவர் கைவிட்ட நிலையில் ஐந்து குழந்தைகளை வளர்த்துக்கொண்டே சட்டம் கற்று, 1878-இல் கலிபோர்னியாவின் முதல் பெண் வழக்கறிஞரானவர் அவர். வசதியற்ற கட்சிக்காரர்களுக்காக வாதாடிய அனுபவத்திலிருந்து அவர் ஒரு யோசனையை முன்வைத்தார்: குற்றம் சாட்ட அரசு சம்பளம் கொடுத்து வழக்கறிஞரை வைத்திருப்பதுபோல, குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடவும் சம்பளம் கொடுத்து வழக்கறிஞரை வைக்க வேண்டும். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டிய சட்ட மாநாட்டில் அதை விரிவாகப் பேசினார். 1914-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் நாட்டிலேயே முதல் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தைத் திறந்தது. வசதியற்றவருக்கு வழக்கறிஞர் வைத்துத் தருவது மாநிலங்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது 1963-இல்; அதாவது அரை நூற்றாண்டுக்குப் பின்.

இந்த வரலாற்றை அறிந்தபின் தொடரைப் பார்ப்பது வேறு அனுபவம். நீதியைத் தனிமனிதரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று முதலில் நிறுவனம் அமைத்த நகரம் இது. அதே நகரத்தை நிலைக்களனாகக் கொண்ட கதைகள் திரும்பத் திரும்ப ஒற்றை வழக்கறிஞரின் சாமர்த்தியத்தைப் பாடுகின்றன. ஹாலர் போன்றவர்கள் கட்டணம் வாங்கும் தனியார் வழக்கறிஞர்கள். வெற்றி பெரும்பாலும் அவர்களுடைய பேச்சாற்றல், துணிவு, கடைசி நேர யுக்தி ஆகியவற்றால் வருகிறது. அவர்களுடைய காயம் அந்தத் திறமைக்கு மனிதமுகம் தருகிறது: இவரும் நம்மைப்போல் நொந்தவர், ஆகவே நமக்காக நிற்பார். காயம் தகுதிச் சான்றாகிவிட்டபின், காயம் இல்லாமல் நாள்தோறும் பத்துப் பதினைந்து கோப்புகளோடு நீதிமன்றம் வரும் அரசு ஊழியருக்குக் கதையில் இடம் இல்லாமல் போகிறது.

இதற்கு எதிர்ச்சான்றுகள் உண்டு. 2019-இல் சிபிஎஸ் தொடங்கிய 'ஆல் ரைஸ்' தொடர் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் ஒன்றைப் பல கண்களின் வழியே காட்டியது: நீதிபதி லோலா கார்மைக்கேல், அரசுத் தரப்பு வழக்கறிஞர், எமிலி லோபஸ் என்ற பப்ளிக் டிஃபெண்டர், நீதிமன்ற ஊழியர்கள். அங்கே நீதி கூட்டு உழைப்பாகத் தெரிந்தது. சிபிஎஸ் இரண்டு பருவங்களோடு அதைக் கைவிட, வேறொரு அலைவரிசை மூன்றாம் பருவத்தை எடுத்தது. அமைப்பைக் கதைமாந்தராக்கும் தொடரை எழுத முடியும் என்பதற்கு அது சான்று. அதன் கலைத்தரம் சீரற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; நல்லெண்ணம் பல இடங்களில் அதன் முரண்களை மழுக்கிவிட்டது.

8. தீர்ப்பு

என் முடிவை வெளிப்படையாக வைக்கிறேன். போதையிலிருந்து மீளும் ஒரு மனிதரைப் பற்றிய சித்திரமாக 'தி லிங்கன் லாயர்' நேர்மையானது. நீதியைப் பற்றிய சித்திரமாக அது தன் மூல நாவலைவிட ஓர் அடி பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கல் குண்டு, கடலலையாக மாறிய இடத்தில் நிகழ்ந்தது. 'கோலியாத்' தன் முதல் பருவத்திலாவது நாயகரின் குடிக்கும் அவர் கட்டிய நிறுவனத்துக்கும் இடையே ஒரு கோடு போட்டுக் காட்டியது; அந்தக் கோடு இருப்பதனாலேயே அது விமர்சன நோக்கில் மேலான படைப்பு. வெயில் நகரத்து இருள் என்ற மரபுவழி விளக்கம் இவ்விரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுவதால், இந்த வேறுபாட்டைக் காண அது போதாது.

தமிழில் இத்தொடர்களைப் பற்றி எழுதுவோர் நடிப்பையும் திருப்பங்களையும் நிறையவே பேசுகிறோம். அடுத்த முறை ஒரு வழக்கறிஞர் தொடரைப் பார்க்கும்போது அவருடைய காயத்துக்கு யார் பொறுப்பு என்று கதை சொல்கிறது, குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனவருக்கு அதில் எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். கானலியின் முதல் நாவலை இன்னும் படிக்காதவர்கள் தொடருக்கு முன் அதைப் படியுங்கள்.